கடல் கடந்த தமிழ்க்குரல்

அயலார் வீட்டு விளக்கைக் கண்டு வியக்கும் நாம், நம் வீட்டு விளக்கைத் தூண்ட மறந்துவிடுகிறோம். இசையில் நாம் செய்துவருவதும் இதுவே.

1889-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் சாவகத் தீவுக் கலைஞர்கள் தங்கள் வெண்கலக் கருவிகளை இசைத்தனர். ஐரோப்பிய இசையே உயர்ந்தது என்று பலரும் எண்ணிய காலம் அது. ஆனால், கிளாட் டெபுஸி என்னும் இளம் இசைமேதை அந்த ஒலியில் உள்ளத்தைப் பறிகொடுத்தார். அதன் சாயல் பின்னாளில் அவரது இசையில் படிந்தது.

அந்தத் தலைமுறையின் மற்றொரு மேதையான ராவெலின் மாணவர் மோரிஸ் தெலாஜ் (1879–1961). 1912-இல் நம் நாட்டில் பயணம் செய்த இவரைக் கவர்ந்தது, கோயம்புத்தூர் தாயி (1872–1917) என்னும் தமிழ்ப் பாடகியின் குரல். தாயி தேவதாசி மரபில் பிறந்தவர். அம்மரபைச் சமுதாயம் இழிவாகப் பேசத் தொடங்கியிருந்த காலம். தெலாஜோ குலத்தைக் கேட்கவில்லை, குரலைக் கேட்டார்.

சென்னை, லாகூர், காசி, ஜெய்ப்பூர் என்னும் நகரங்களின் பெயர்களைத் தாங்கிய அவருடைய நான்கு பாடல்கள் 1914 சனவரியில் பாரிஸில் அரங்கேறின. ‘லாகூர்’ பாடலில் பாடகி ஒரு கட்டத்தில் சொற்களை விடுத்து, வாய்மூடி இசைக்கிறார். தாயியின் இசைத்தட்டு ஒன்றைப் பெரிதும் ஒட்டி, ‘இராகமாலிகை’ என்னும் படைப்பையும் தெலாஜ் ஆக்கினார். அதில் நம் தோற்கருவியின் ஓசை எழவேண்டும் என்பதற்காகப் பியானோவின் ஒரு சுரத்திற்குரிய கம்பிகளுக்கு அடியில் அட்டைத்துண்டு வைக்கச் செய்தார். தமிழ் இசையைத் தம் கருவிக்கு ஏற்ப மாற்றாமல், தம் கருவியைத் தமிழ் இசைக்கு ஏற்ப மாற்றினார். இதுவன்றோ உண்மையான மரியாதை!

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், மறைபரப்பு நாடுகளின் மக்களுக்கு உரிய இசை மரபை மதித்து, வழிபாட்டில் அதற்குத் தக்க இடம் அளிக்குமாறு பணித்தது. நாம் அதற்குச் செவிசாய்த்தோமா? வில்லும் குடமும் உடுக்கையும் பிறந்து வளர்ந்த நாஞ்சில் மண் இது. இங்கேயே பல பாடற்குழுக்கள், மின்னிசைப் பெட்டி தரும் ஆயத்தத் தாளத்திற்குள் எல்லாப் பாடல்களையும் அடக்கிவிடுகின்றன. தவக்காலத்தில் நம் பாட்டிமார் உருகிப் பாடிய பாடல்களோ அவர்களோடு கல்லறைக்குச் சென்றுகொண்டிருக்கின்றன.

இசைத்தட்டில் பதிந்திராவிடில் தாயியின் குரல் கடல் கடந்து வாழ்ந்திருக்குமா? எனவே அன்பர்களே, இம்மாதம் ஒரு மாலை செபமாலை முடிந்தபின், வீட்டிலுள்ள முதியோரை அமர்த்தி, அவர்கள் அறிந்த பழைய ஞானப்பாடல் ஒன்றைப் பாடச் சொல்வோம். பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் பதியட்டும், ஏட்டிலும் எழுதட்டும். பின்னர்ப் பங்குத்தந்தையிடமும் பாடற்குழுவிடமும் அதைக் கொண்டுசெல்வோம். இறைவன் நமக்கு அருளிய குரலாலேயே அவரைப் புகழ்வோம்.