மேகத்தின் வயிற்றில் எவ்வளவு தண்ணீர்?

கார்த்திகை மாதம். பேச்சிப்பாறை மலையில் மேகம் கருக்கிறது. அணையோ நிரம்பி நிற்கிறது. மறுகால் மதகை இப்போதே திறப்பதா, பொறுப்பதா? திறந்துவிட்ட நீர் தேங்காப்பட்டணத்தில் கடலோடு கலந்துவிடும். பிறகு மழை ஏமாற்றினால் கும்பப்பூ நெல்லுக்குத் தண்ணீர் குறையும். திறக்காமல் இருந்து, ஒரே இரவில் மழை கொட்டினால்? குழித்துறை ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் நடு ராத்திரியில் குழந்தை குட்டிகளோடு மேடு தேட வேண்டியதுதான். 2021 நவம்பர் வெள்ளத்தில் குமரி மாவட்டம் பட்ட பாடு சிறிதல்ல.

அந்த மேகத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

ரேடார் என்னும் கருவி அதற்குத்தான். அது வானத்தில் ரேடியோ அலைகளை அனுப்புகிறது. மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வாங்கிக் கணக்கிடுகிறது. ஆனால் பழைய ரேடாரை ஏமாற்றுவது எளிது. ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள துளிகள் 64 சேர்ந்து எவ்வளவு எதிரொலி தருமோ, அவ்வளவையும் இரண்டு மில்லிமீட்டர் துளி ஒன்றே ஒன்று தந்துவிடும். தண்ணீர்க் கணக்கோ வேறு. அந்த 64 சிறு துளிகளில் இருப்பது எட்டு மடங்கு தண்ணீர்!

இங்கேதான் துளியின் உருவம் கைகொடுக்கிறது. படங்களில் வரைவதுபோல் மழைத்துளிக்கு மேலே கூர்முனை கிடையாது. சிறு துளி உருண்டையாக இருக்கும். பெரிய துளி விழும்போது கீழிருந்து காற்று தாங்குவதால், இட்லிபோலத் தட்டையாகிவிடும். புதுவகை ரேடார் படுக்கை வாட்டில் ஓர் அலை, செங்குத்தாக ஓர் அலை என இரண்டை அனுப்புகிறது. இரண்டு எதிரொலியும் சமமாக இருந்தால் சிறு துளிகள். படுக்கை எதிரொலி ஓங்கினால் பெரிய துளிகள். ஆலங்கட்டி புரண்டு புரண்டு விழுவதால் எதிரொலி பலமாக இருந்தும் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே வரும்.

இத்தகைய ரேடார் ஒன்று நம் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் இஸ்ரோவால் நிறுவப்பட்டிருக்கிறது. 1963-இல் இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியதே, அதே தும்பாதான்!

இனிக் கவலையில்லை என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. மலை குறுக்கிட்டால், அதற்கப்பால் தாழ்வாகப் பெய்யும் மழை அதன் கண்ணில் படாது. நமக்கோ மலையில் பெய்யும் மழைதான் அணைக்கு வருகிறது. ஆகவே பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் மழைமானியில் சேரும் நீரை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் வேலைக்கு ஓய்வில்லை. ரேடார் போட்ட கணக்கை அந்த அளவோடு ஒப்பிட்டுத்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.