குதிரையே வைத்தியர்

திருநாவலூர் என்றதும் சைவ அன்பர்களுக்குச் சுந்தரமூர்த்தி நாயனாரின் ஞாபகம் வரும். கள்ளக்குறிச்சி ஜில்லாவில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகேயுள்ள இந்தச் சிற்றூரில்தான் அவர் அவதரித்தார். அவருடைய சரித்திரத்தின் முடிவில் இரண்டு வாகனங்கள் வருகின்றன. சுந்தரர் வெள்ளை யானை மீது கயிலைக்குப் புறப்பட்டார். அவருடைய தோழர் சேரமான் பெருமாள் தமது குதிரையின் செவியில் ஐந்தெழுத்தை ஓதி, அதன் மேல் ஏறி உடன் சென்றார். யானையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குதிரையைப் பற்றிப் பேசுவோரைக் காணோம். ஆகையால் இந்த வாரம் நாம் குதிரையின் கட்சியை எடுத்துக்கொள்வோம்.

அதே சுந்தரர் இரு கண்களையும் இழந்து தவித்த கதையும் நேயர்கள் அறிந்ததே. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெறுவதற்கு முன்னால், திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். உடம்பில் ஓர் அங்கம் உதவாமற் போனால் மனிதனுக்கு முதலில் வேண்டியது ஊன்றுகோல்தான். ஆனால் ஊன்றுகோல் மரத்தினால்தான் ஆகவேண்டும் என்ற விதி எங்கே இருக்கிறது? நாலு காலும் இரண்டு காதும் ஒரு வாலும் உடையதாகவும் அது இருக்கலாம் அல்லவா?

வேடிக்கையாகச் சொல்லவில்லை. கால் வழங்காத குழந்தைகளையும், மூளை முடக்குவாதத்தினால் உடல் விறைத்த குழந்தைகளையும், பிறரோடு கலந்து பழக இயலாத ஆட்டிசக் குழந்தைகளையும் குதிரை மேல் ஏற்றிப் பயிற்சி அளிக்கும் முறை இன்று உலகத்தில் பல தேசங்களில் நடந்து வருகிறது. இந்தியாவிலும் பெங்களூரு முதலிய சில பெருநகரங்களில் உண்டு. குதிரைக்கு வைத்தியம் பார்ப்பவரைத்தான் நாம் குதிரை வைத்தியர் என்று சொல்வது வழக்கம். இங்கே குதிரையே வைத்தியர்!

இந்த முறை பரவுவதற்கு ஒரு பெண்மணியின் மனவுறுதி பெரிய காரணமாயிற்று. டென்மார்க்கு தேசத்து லிஸ் ஹார்ட்டல் என்பவர் சிறந்த குதிரைச் சவாரிக்காரி. 1944-ஆம் ஆண்டில், வயிற்றில் குழந்தை இருக்கும்போது, இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. குழந்தை சுகமாகப் பிறந்தது. தாய்க்கோ முழங்காலுக்குக் கீழே கால்கள் அசையவில்லை. கைகளிலும் பலம் குன்றிவிட்டது. இனிச் சவாரி என்ற பேச்சுக்கே இடமில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. பிறர் தூக்கிவிட, 'ஜூபிலி' என்ற தமது பெண் குதிரை மீது ஏறி உட்கார்ந்தார். விழுந்தார், மறுபடியும் ஏறினார். ஒலிம்பிக் சவாரிப் போட்டி அதுவரையில் ராணுவ அதிகாரிகளுக்கே உரியதாக இருந்தது. 1952-இல் ஹெல்சிங்கியில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியதும், அவர் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1956-இல் மறுபடியும் ஒரு வெள்ளி! குதிரையிலிருந்து தாமாக இறங்க முடியாதவர் அந்த இரண்டு பதக்கங்களையும் வென்றார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உலகம் விழித்துக்கொண்டது. 1969-இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், உடற்குறை உள்ளவர்களின் சவாரிக்கென்றே சங்கங்கள் ஏற்பட்டன. 1996 முதல் பாராலிம்பிக் பந்தயங்களிலும் சவாரிக்கு இடம் கிடைத்தது.

குதிரை முதுகில் அப்படி என்ன மருந்து இருக்கிறது? அதன் நடையில் இருக்கிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பு முன்னும் பின்னும் சாய்கிறது. பக்கவாட்டில் ஏறி இறங்குகிறது. சற்றே திரும்பவும் செய்கிறது. குதிரை நிதானமாக நடக்கும்போது அதன் முதுகும் ஏறக்குறைய இதே மாதிரி அசைகிறது. நிமிஷத்துக்குச் சுமார் 100 தடவை அந்த அசைவு மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்புக்குப் போய்ச் சேருகிறது. பிறந்தது முதல் ஓரடிகூட நடந்திராத குழந்தையின் உடம்பு, நடை என்றால் என்ன என்பதை அப்போதுதான் அறிகிறது. ஒவ்வோர் அசைவுக்கும் குழந்தை தன்னை நேராக்கிக் கொண்டேயிருப்பதால் முதுகும் கழுத்தும் உறுதிப்படுகின்றன. குதிரையின் உடற்சூடு நம்முடையதைக் காட்டிலும் சிறிது அதிகம். அந்தக் கதகதப்பில் விறைத்த தொடைகள் இளகுகின்றன. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாள் முழுதும் சக்கர நாற்காலியிலிருந்து எல்லோரையும் அண்ணாந்து பார்க்கும் குழந்தை, அந்த அரைமணி நேரம் எல்லோரையும் குனிந்து பார்க்கிறது!

இது சர்வரோக நிவாரணி அல்ல. நோயின் மூலத்தைக் குதிரை தீர்த்துவிடாது. இடுப்பு மூட்டு விலகியவர்களுக்கும், அடிக்கடி வலிப்பு வருகிறவர்களுக்கும், முதுகெலும்பு உறுதியற்றவர்களுக்கும் சவாரியால் தீங்கு நேரலாம். டாக்டரைக் கேளாமல் எந்தக் குழந்தையையும் ஏற்றக் கூடாது. ஏற்றும்போதும் குதிரையை நடத்திச் செல்ல ஒருவரும், தேவையானால் இரு பக்கமும் குழந்தையைத் தாங்கிக்கொள்ள இருவரும் வேண்டும்.

இனி வைத்தியரின் சௌக்கியத்தைச் சற்று விசாரிப்போம். இந்த வேலைக்கு எல்லாக் குதிரையும் உதவாது. பந்தயத்தில் காற்றாய்ப் பறக்கும் குதிரைக்கு இங்கே மார்க்கு இல்லை. திடீரென்று ஒரு குழந்தை வீரிட்டாலும், சக்கர நாற்காலி பக்கத்தில் உருண்டாலும், பந்து காலடியில் விழுந்தாலும் மிரளாமல் நிற்க வேண்டும். நடை சீராக இருக்க வேண்டும். பெரும்பாலும் உலகம் பார்த்துப் பக்குவப்பட்ட நடுவயதுக் குதிரைகளும், சாதுவான மட்டக்குதிரைகளுமே தேறுகின்றன.

வேலை மெதுவானது, ஆகையால் சுலபமானது என்று எண்ணினால் தவறு. முதுகில் ஒரு பக்கமாகவே சாயும் பாரத்தைச் சுமந்து, ஒரே வட்டத்தில், ஒரே நடையில் தினந்தோறும் நடப்பதென்றால் குதிரைக்கு முதுகும் நோகும், மனமும் சலிக்கும். அது காதைப் பின்னால் மடக்கும், வாலைச் சுழற்றும், சேணத்தைக் கண்டதும் ஒதுங்கும். "கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று நம்மவர்கள் பழமொழி சொல்லிச் சிரிப்பார்கள். மூடுகிற வாயில் ஒருவேளை வலி இருக்கலாம் என்று யார் யோசித்தார்கள்? இதைத் திமிர் என்று எண்ணிச் சவுக்கைத் தேடுகிறவன் வைத்தியரையே நோயாளி ஆக்குகிறான். குதிரைக்கு அன்றாடம் ஓய்வு வேண்டும். மற்றக் குதிரைகளோடு வெட்டவெளியில் திரிய வேண்டும். நிழலும் நிறையத் தண்ணீரும் வேண்டும்.

இந்த விஷயத்தில் நம் பழைய கணக்கு அவ்வளவு நன்றாக இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் கடந்து வரவழைத்ததையும், பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துபோனதையும் எழுதி வைத்திருக்கிறார். பொன்னைக் கொட்டி வாங்கத் தெரிந்தது. புல்லைப் போட்டுக் காக்கத் தெரியவில்லை!

ஆனால் நல்ல கணக்கும் ஒன்று உண்டு. திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனுடைய குதிரைக்கும் காரி என்றே பெயர். இரவலருக்கு அவன் குதிரையை மட்டும் கொடுக்கவில்லை; கனிந்த சொல்லையும் சேர்த்துக் கொடுத்தான் என்று சிறுபாணாற்றுப்படை புகழ்கிறது. வெறும் குதிரையைக் காட்டிலும் கனிந்த சொல்லோடு வரும் குதிரைக்கு மதிப்பு அதிகம் என்பதைச் சங்ககாலத்திலேயே கண்டிருக்கிறார்கள்.

காரி ஆண்ட அந்தச் சீமையிலும், கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களிலும் உடல் வழங்காத குழந்தைகள் இல்லாமலில்லை. ஐயனார் கோயில்களில் மண் குதிரைகள் நிற்கின்றன. நிஜக் குதிரையின் முதுகோ பெருநகரத்தில், பணம் படைத்தவர்களுக்கே எட்டுவதாக இருக்கிறது. ஜில்லாவுக்கு ஒன்றாக இத்தகைய லாயம் ஏற்பட்டால் எத்தனையோ தாய்மார்கள் வாழ்த்துவார்கள். அப்படி ஒன்று ஏற்படும்போது, குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கூசாமல் கேட்க வேண்டும். பயிற்சி பெற்ற வைத்திய நிபுணர் மேற்பார்வை செய்கிறாரா? குதிரை ஒரு நாளைக்கு எத்தனை மணி வேலை செய்கிறது? வயதாகி நடக்க முடியாமற் போனால் அதற்குத் தீனி போடப்போவது யார்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் குழந்தையை ஏற்ற வேண்டாம். உதவாத கால் உள்ள பிராணியைக் கைவிடுகிறவர்கள், உதவாத கால் உள்ள குழந்தைக்கு என்ன கற்றுக் கொடுக்கப் போகிறார்கள்?