சயாமுக்குப் போனவர் பெயர் எங்கே?

இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில், ஏழாம் ஹென்றி மன்னன் 1503இல் கட்டத் தொடங்கிய சிற்றாலயம் ஒன்றுண்டு. அதன் கீழ்க்கோடி, 1940ஆம் ஆண்டு வான்போரில் மாண்டோர்க்குரிய நினைவிடமாக 1947இல் ஆக்கப்பட்டது. அங்குள்ள ஏட்டில் 1,497 பெயர்கள் எழுதப்பெற்றுள்ளன. குண்டு துளைத்த சுவரையும் அவர்கள் பூசி மறைத்தாரல்லர். அத்துளையைக் கண்ணாடியிட்டுக் காத்து வருகின்றனர்.

கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் கோயிலில்லாத தோட்டம் அரிது. அக்கோயிற் சுவர்களில் திருப்பணிக்குப் பொருள் ஈந்தோர் பெயர் உண்டு. தலைவர், செயலாளர் பெயர் உண்டு. சயாமுக்குப் போய் மீளாதோர் பெயர் எங்கே?

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தனர். அதன்பொருட்டு மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. அங்கு இறந்த போர்க் கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் அவருட் பல்லாயிரவர்க்குத் தனித்தனிக் கல் நாட்டிப் பெயர் பொறித்துள்ளனர். அவரினும் பன்மடங்காக மாண்ட ஆசியத் தொழிலாளர்க்கோ பொதுக்குழியே கிடைத்தது.

மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரத்தில் 1917இல் உருவாயிற்று என்பது வரலாற்று நூல்களில் உண்டு. மரம் நட்ட ஆண்டு எழுதப்பட்டது. மரத்தடியில் உழைத்தவன் சயாமில் மடிந்த ஆண்டை எழுதுவார் இல்லை!

“கோயில் மங்கல இடம், இறந்தோர் பெயர் அங்கு ஆகாது” என்பர் சிலர். நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு துறை வகுத்த தொல்காப்பியத்தை அவர்கள் மறந்தனர் போலும். தோட்டந்தோறும் கைகூப்பி வணங்கும் மதுரை வீரன் யார்? கொலையுண்டு தெய்வமானவன் அல்லனோ? அவனுக்குப் பொங்கலிடும் இடத்தில் நம் பாட்டனார் பெயருக்கு மட்டும் தீட்டு எங்கிருந்து வந்தது?

“காஞ்சனபுரியில் 2023இல் நடுகல் எழுந்துவிட்டதே, போதாதா?” என்பர் வேறு சிலர். அது போற்றத்தக்க பணியே. ஆயினும் அது அவர்கள் மாண்ட மண். அவர்கள் விடைபெற்றுப் புறப்பட்ட மண் இதுவன்றோ? தாலியிழந்தோர் அழுததும் தந்தையற்ற பிள்ளைகள் பசித்திருந்ததும் இங்கேதான்.

“ஆவணம் இல்லையே” என்பது மூன்றாவது சாக்கு. ஆவணம் தானே பிறப்பதில்லை; தொகுப்பவரால் பிறக்கிறது. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலையும் அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவலையும் படைத்தது கேட்டறிந்த துயரை எழுத்தாக்கவேண்டும் என்னும் உறுதியால் அன்றோ? அன்று குழந்தைகளாயிருந்தோர் இன்று தொண்ணூறை நெருங்குகின்றனர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. கோயிலும் இடம் பெயர்கிறது. இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்தால் கேட்பதற்கு ஆளிரார்.

எனவே, தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவரை ஒரு முதியவரிடம் அனுப்புக. பெயர், ஊர், தோட்டம், சென்ற ஆண்டு ஆகிய நான்கையும் மாணவர் எழுதி வருக. கோயிற் குழுவினர் ஒரு சுவரை ஒழித்துத் தருக. கோபுரத்துக்கு வண்ணம் தீட்ட முடிந்த கைகளுக்கு ஒரு கல்லில் பெயர் பொறிக்க முடியாதென்பதை எவரும் நம்பார்.