தமிழகத்தின் சங்கங்களையும் அறக்கட்டளைகளையும் கணக்கெடுத்து, அளவுக்கேற்ற விதிகள் வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயலாளர்,
காவிரிப் படுகை மாவட்டங்களின் பதிவு பெற்ற சங்கங்கள் கூட்டமைப்பு,
தஞ்சாவூர்.

பெறுநர்
உயர்திரு பதிவுத்துறைத் தலைவர் அவர்கள்,
சாந்தோம், சென்னை.

பொருள்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 – பதிவு பெற்ற அமைப்புகளைக் கணக்கெடுத்து வகைப்படுத்துதல் – சிறு சங்கங்களுக்கு எளிய நடைமுறை வகுத்தல் – கோருதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தமிழ்நாட்டில் லாப நோக்கமற்ற அமைப்புகள் மொத்தம் எத்தனை, அவை எங்கே, என்ன வேலை செய்கின்றன என்ற கேள்விக்கு இன்று எந்த ஓர் அலுவலகத்திலும் முழு விடை கிடைப்பதில்லை. இதனால் அரசுக்கு என்ன நட்டம், எங்களுக்கு என்ன தொல்லை என்பதைச் சொல்லி, சில கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறோம்.

விடை கிடைக்காததற்குக் காரணம் தெரிந்ததே. ஏழு பேர் கூடிச் சங்கம் அமைத்தால் மாவட்டப் பதிவாளரிடம் போகிறார்கள். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிகிறார்கள். பத்திரம் கைக்கு வந்தபின் அந்த அறக்கட்டளை நடக்கிறதா, நின்றுவிட்டதா என்று அந்த அலுவலகம் கேட்பதில்லை. கேட்கச் சொல்லிச் சட்டமும் இல்லை. கம்பெனிச் சட்டத்தின் 8-வது பிரிவின்கீழ் தொடங்குபவர்கள் மத்திய அரசின் கம்பெனிப் பதிவாளரிடம் போய்விடுகிறார்கள். வரிவிலக்குப் பட்டியல் வருமானவரித் துறையிடமும், வெளிநாட்டு நன்கொடை பெறுவோர் பட்டியல் உள்துறை அமைச்சகத்திடமும், நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் தாமாகப் பதிந்தவர்களின் பட்டியல் தனியாகவும் இருக்கின்றன. ஆளுக்கொரு பட்டியல். ஒன்றில் இருக்கும் பெயர் மற்றொன்றில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மகாராஷ்டிரத்தில் 1950 முதல் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமும் அறநிலைய ஆணையரும் உண்டு. நம் மாநிலத்தில் கோயில்களுக்கும் வக்ஃபு சொத்துக்களுக்கும் தனித்தனி ஏற்பாடு இருக்கிறது. மற்ற பொது அறக்கட்டளைகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

அகில இந்திய அளவில் ஒரு முறை எண்ணிப் பார்த்தார்கள். மத்தியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய கணக்கெடுப்பில், 2008 வரை பதிவானவையாக 31 லட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் ஏடுகளில் இருந்தன. நேரில் போய்த் தேடியபோது சுமார் 7 லட்சம்தான் கண்ணில் பட்டன. 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் சி.பி.ஐ. அளித்த தகவலின்படி, பத்தில் ஒரு பங்கு அமைப்புகள்கூட வரவு செலவுக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்வதில்லை. அன்று முதல் 'தொண்டு நிறுவனம்' என்றாலே மோசடி என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. மோசடிகள் இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நிலத்துக்காகவும் நன்கொடைக்காகவும் பெயர்ப்பலகை மாட்டியவர்களை எங்கள் மாவட்டங்களிலும் பார்த்திருக்கிறோம். ஆனால் தேடிக் கிடைக்காத சங்கங்களில் பெரும்பாலானவை போலி என்பதை எங்கள் அனுபவம் ஏற்கவில்லை. ஊருக்குப் பள்ளிக்கூடம் கொண்டுவரச் சங்கம் அமைப்பார்கள். பள்ளி வந்ததும் சங்கம் கலைந்துவிடும். ஏட்டிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி யாரும் மனுப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

இந்தத் துறையின் அகலத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் தொடங்கிய அவ்வை இல்லமும், அவரே முன்னின்று 1954-இல் உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இதற்குள் அடங்கும். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்து இன்று உலகமே வந்து பார்க்கும் அரவிந்த் கண் மருத்துவமனை, ஓர் அறக்கட்டளையின் பெயரில்தான் நடக்கிறது. எங்கள் பக்கம் வந்தால், 1911-இல் எழுந்த கரந்தைத் தமிழ்ச் சங்கம். கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பின் நிலமற்ற தலித் பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுக்க கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981-இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு. ஆண்டுதோறும் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடத்தும் சபை. இவற்றோடு ஒரே வரிசையில் தெருமுனைப் படிப்பகம், கபடிக் கழகம், நாடக மன்றம், குடியிருப்போர் நலச் சங்கம், இரத்ததானக் குழு, நடிகர் பெயரில் நற்பணி மன்றம், பல கோடி ரூபாய் கட்டணம் வசூலிக்கும் பொறியியல் கல்லூரியை நடத்தும் கல்விச் சங்கம் எல்லாம் நிற்கின்றன. கடைசியில் சொன்னதையும் படிப்பகத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமா என்று கேட்கிறோம்.

எங்கள் உறுப்புச் சங்கங்களில் ஒன்று அப்படியொரு படிப்பகம். ஓட்டுக் கூரை, இரண்டு பெஞ்சு, நான்கு நாளிதழ். உறுப்பினர் சந்தா, பொங்கல் விளையாட்டு விழா வசூல், பழைய பேப்பர் போட்ட காசு ஆகியவைதான் வரவு. பேப்பர்காரருக்கும் மின்கட்டணத்துக்கும் கொடுப்பதே பெரிய செலவு. செயலாளராக இருந்த பெரியவர் காலமானார். பொதுக்குழு கூடித் தீர்மானப் புத்தகத்தில் புதியவர் பெயரை எழுதி, வந்திருந்தவர்கள் கையெழுத்திட்டு, நிர்வாகிகள் மாற்றத்துக்கான படிவம் 7-ஐ நிரப்பி அனுப்பினார்கள். முந்தைய ஆண்டுகளின் கணக்கைத் தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்தால்தான் படிவத்தைக் கோப்பில் எடுக்க முடியும் என்று சொல்லப்பட்டது. ஆடிட்டர் கட்டணமும் தாமதக் கட்டணமும் சேர்ந்தால் படிப்பகத்தின் ஓராண்டு வரவைத் தாண்டிவிடும். பணம் வங்கியில் இருந்தது. ஆனால் பதிவாளரின் முத்திரையிட்ட நகல் இல்லாமல் புதிய செயலாளரின் கையெழுத்தை வங்கி ஏற்கவில்லை. கணக்கைத் தாக்கல் செய்யப் பணம் வேண்டும், பணத்தை எடுக்கக் கணக்கைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். அலுவலகத்தில் இருந்தவர்கள் விதியைத்தான் சொன்னார்கள். அவர்கள் மேல் எங்களுக்குக் குறை இல்லை. படிப்பகம் மட்டும் மூடிக் கிடக்கிறது. நாளை கணக்கெடுக்க வருபவர் இதையும் 'கண்டறிய இயலவில்லை' என்றுதான் குறித்துக்கொண்டு போவார்.

எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவதும் முக்கியமானதும் கணக்கெடுப்பு. 2018-இல் பதிவுத்துறையில் ஸ்டார் 2.0 மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. மாவட்டப் பதிவாளர் அலுவலகங்களின் சங்கப் பதிவுகளையும், சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவான பொது அறக்கட்டளைப் பத்திரங்களையும் ஒன்றாகத் திரட்ட இது வசதி. கம்பெனிப் பதிவாளரிடமிருந்து 8-வது பிரிவு நிறுவனங்களின் பட்டியலையும் பெற்றுச் சேர்க்கலாம். எண்ணிக்கையோடு நிறுத்திவிடாமல் பணிவகை, ஆண்டு வரவு, மாவட்டம் என்று பிரித்து ஆண்டுக்கொருமுறை வெளியிட வேண்டும். லாப நோக்கமற்ற அமைப்புகளைக் கலை, கல்வி, மருத்துவம், சமூக சேவை, சுற்றுச்சூழல் என 12 பிரிவாகப் பகுக்கும் சர்வதேச வகைப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மத்தியக் கணக்கெடுப்பும் அதைத்தான் பின்பற்றியது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கக் குழு அமைத்துக் காலம் கடத்த வேண்டாம் என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

இந்தப் பட்டியல் வெறும் ஏட்டுக்காக அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் எங்கிருந்தெல்லாமோ அமைப்புகள் வந்து இறங்கின. ஒரு குப்பத்துக்கே எல்லோரும் அரிசி கொண்டு போக, பக்கத்துக் குப்பத்துக்கு எதுவும் போகாத நிலை இருந்தது. மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைத்த பிறகே யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்பது தெளிவானது. 2018-இல் கஜா புயல் வந்தபோதும் ஆள் தேடுவது பழையபடி செல்பேசி எண்களை வைத்துத்தான் தொடங்கியது. படகு வைத்திருப்பவர் யார், சமையல் கூடம் நடத்தக்கூடியவர் யார், மனநல ஆலோசனை தரத் தெரிந்தவர் யார் என்பது புயலுக்கு முன்பே ஆட்சியர் மேசையில் இருக்க வேண்டாமா?

அடுத்தது, அளவுக்கேற்ற விதி. 1975 சட்டத்தின் 4-வது பிரிவு ஆண்டு வரவு அல்லது செலவு 10,000 ரூபாயைத் தொட்டாலே பதிவைக் கட்டாயமாக்குகிறது. சட்டம் வந்தபோது அது பெரிய தொகை. இன்று சிறிய படிப்பகம்கூட அதைத் தாண்டிவிடும். இந்த வரம்பை இன்றைய விலைவாசிக்கேற்ப உயர்த்தவும், சிறு சங்கங்கள் ஒரே பக்கத்தில் கணக்குக் கொடுத்தால் போதும் என்று விதிகளைத் திருத்தவும் வேண்டுகிறோம். ஆடிட்டர் இல்லாமல், பொதுக்குழு தேர்ந்தெடுத்த இரண்டு உறுப்பினர்கள் சரிபார்த்த கணக்கை ஏற்கலாம். வருமானவரித் துறையே 2025-இல் 5 கோடி ரூபாய்க்குக் குறைவான வருமானமுள்ள அமைப்புகளுக்குப் பதிவுக் காலத்தை ஐந்தாண்டிலிருந்து பத்தாண்டாக்கி, சிறியவர்களைத் தனியாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அதே சமயம் கோடிகளில் வரவுள்ள கல்வி, மருத்துவச் சங்கங்களின் தணிக்கை அறிக்கையை எவரும் இணையத்தில் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இதில் சலுகை கேட்டு யாராவது எங்கள் பெயரைப் பயன்படுத்தினால் அது எங்கள் கோரிக்கை அல்ல.

படிவம் 7-ஐப் பழைய பாக்கிகளோடு முடிச்சுப் போடாமல், பெற்ற 30 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க ஆணையிட வேண்டும். பாக்கிக்குத் தனியாக அறிவிப்பு அனுப்பலாம். ஆண்டுக் கணக்கு நிலுவை உள்ள சிறு சங்கங்களுக்கு ஒரு முறை மட்டும் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து வாய்ப்புத் தர வேண்டும். அதற்குப் பிறகும் வராதவற்றை நீக்குவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. நீக்குமுன் பதிவு முகவரிக்கு அஞ்சலிலும், ஊராட்சி அலுவலகப் பலகையிலும் அறிவிக்க வேண்டும். பல சங்கங்களின் பதிவு முகவரி இறந்துபோன ஒருவரின் வீடாகவே இருக்கிறது.

மகாராஷ்டிரம் போல் அறநிலைய ஆணையர் வேண்டுமா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. ஒரே இடத்தில் எல்லாம் முடியும் என்று சிலர் வரவேற்கிறார்கள். ஏழாவதாக இன்னோர் அலுவலகம் ஏறி இறங்க வேண்டுமே என்று மற்றவர்கள் அஞ்சுகிறார்கள். இதை இப்போது கோரிக்கையாக வைக்கவில்லை. கணக்கெடுப்பு முடிந்தபின் அமைப்புகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசி முடிவெடுக்கலாம். அந்தக் கூட்டத்தில் சென்னையிலுள்ள பெரிய நிறுவனங்களோடு மாவட்டங்களின் சிறு சங்கங்களுக்கும் இடம் தர வேண்டும்.

மேற்கண்ட கோரிக்கைகளைப் பரிசீலித்து, தங்களை நேரில் சந்தித்து விவரங்களை அளிக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்புச் சங்கங்களின் நிர்வாகிகள்

இணைப்பு: உறுப்புச் சங்கங்களின் பட்டியல், பதிவு எண்களுடன்.

நகல்:
அரசுச் செயலாளர், வணிகவரி மற்றும் பதிவுத்துறை, தலைமைச் செயலகம், சென்னை.
மாவட்ட ஆட்சியர்கள், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை.