‘நமக்கெல்லாம் யார் கொடுப்பா?’

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று மாலையே இரண்டு காரியம் நடக்கும். ஒருவர் நன்கொடை கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி எழுதத் தொடங்குவார். இன்னொருவர் வாசலில் நின்றபடி, "காசு இருக்கிறவனுக்குத்தான் இந்த வியாதிக்கு வைத்தியம். நமக்கெல்லாம் யார் கொடுப்பா?" என்பார். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று எங்கே போனாலும் இதே பேச்சு. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் மார்பில் கட்டி தட்டுப்பட்ட பிறகும் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கும் அக்காமார்களை வீட்டிலேயே கட்டிப்போடுவது இந்தப் பேச்சுதான். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால், நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதனால் இந்தப் பேச்சை வரிவரியாக எடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"லட்சக்கணக்கில் போகும்" என்பது முதல் வரி. தனியார் ஆஸ்பத்திரியில் போகும், சந்தேகமில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மலேசியக் குடிமகனுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு 3 வெள்ளி. இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள்கூட பயத்தில் முதலில் தனியாருக்கு ஓடுகிறார்கள். ஊர் கூடிப் பிரித்த பணம் ஸ்கேனுக்கும் அறுவைக்கும் தீர்ந்துபோன பிறகு, கீமோவுக்கு அரசு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிறார்கள். அரசு சுகாதார கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி முதல் நாளே அங்கே போயிருந்தால், அந்தப் பணம் வீட்டு அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் ஆகியிருக்கும்.

படித்தவர்கள் இங்கே ஓர் ஆய்வை எடுத்துக் காட்டுவார்கள். தென்கிழக்காசியாவின் 8 நாடுகளில் 9,500க்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளியான ஆய்வு அது. மலேசியாவும் அதில் உண்டு. ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் ஆண்டு வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கும் மேல் கைப்பணத்தைச் செலவழித்திருந்தார்கள். உண்மையான எண்தான். கையை விட்டு எவ்வளவு போனது என்பதை அது காட்டுகிறது. வாங்கக்கூடிய உதவியைத் தேடிப்போக வேண்டாம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

எல்லா மருந்தும் அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்துவிடும் என்று நானும் சொல்ல மாட்டேன். விலை கூடிய சில புதிய மருந்துகளை வெளியில் வாங்கச் சொல்வார்கள். அந்தச் சீட்டோடு நேரே கடைக்குப் போகாதீர்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சுகாதார அமைச்சின் கீழுள்ள மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க வழி அங்கேதான். நம்மவர்களில் பலருக்கு அந்த மேசை இருப்பதே தெரிவதில்லை.

"உதவியெல்லாம் அவங்களுக்குத்தான், நமக்கில்லை" என்பது அடுத்தது. சக்காத் முஸ்லிம்களுக்கு உரியது. அது அவர்களுடைய சமயக் கடமையிலிருந்து வரும் பணம். 1990களில் தொடங்கிய மாக்னா என்ற தேசியப் புற்றுநோய் மன்றம் இனம் பார்த்து உதவுவதில்லை. 2019இல் வந்த பெக்கா பி40 திட்டமும் இனம் கேட்பதில்லை. 40 வயதாகி, எஸ்டிஆர் உதவித்தொகை வாங்குகிற வீடாக இருந்தால் போதும். சிகிச்சை தொடங்கும்போது 300 வெள்ளி, முழுவதும் முடித்தால் 700, போக்குவரத்துக்கு 500 வரை. இதற்கு எந்தத் தலைவரின் கடிதமும் தேவையில்லை.

என்னை மிகவும் வருத்துவது கடைசி வரி: "வேலையை விட்டுட்டு வீட்டில் இரு." அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்டு மறுநாளே கிராணியிடம் போய் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்த கையோடு, ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் சட்டப்படி கிடைக்க வேண்டிய 60 நாள் சம்பள விடுப்பு போகிறது. அதைவிடப் பெரிய இழப்பு சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பில். 1969ஆம் ஆண்டின் சட்டத்தில் வேலைவிபத்து மட்டும் இல்லை. இயலாமை ஓய்வூதியமும் இருக்கிறது. புற்றுநோயால் இனி பிழைப்புக்கு உழைக்க முடியாது என்று மருத்துவர் குழு ஒப்புக்கொண்டால், சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு மாதாமாதம் வரும். நோயாளி இறந்துபோனால் குடும்பத்துக்கு வாரிசு ஓய்வூதியம் உண்டு. விண்ணப்பிக்கும்போது 60 வயது ஆகியிருக்கக் கூடாது. விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா கட்டியிருப்பது ஒரு தகுதி. வேலையை விட்டு மூன்று வருஷம் கழித்து யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு ஓடினால், அந்த 40 மாதத்தில் பெரும்பகுதி வெறுமையாக இருக்கும். மொத்தச் சந்தாக் காலத்தைக் கணக்கிடும் வேறு வழியும் சட்டத்தில் இருக்கிறது. அதனால் காலம் கடந்துவிட்டது என்று நீங்களே முடிவு செய்துவிடாமல் அலுவலகத்தில் கேளுங்கள்.

இது யாரும் போடும் பிச்சையில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை 1917இல் நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கேயும் சுற்றுத் தோட்டங்களிலும் குலை வெட்டியவர்கள், உதிரி பொறுக்கியவர்கள், மருந்து அடித்தவர்கள் சம்பளத்தில் பிடித்த காசு இது. சேமநிதியும் அப்படித்தான். சிகிச்சைச் செலவுக்காக நோயாளி மட்டுமில்லை, ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகனும் தன் கணக்கிலிருந்து தாய்க்காக எடுக்கலாம். குத்தகைக்காரரிடம் சந்தா இல்லாமல் வேலை செய்கிறவர்களின் நிலைதான் மோசம். சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ வேலைவிபத்துக்கு மட்டும். புற்றுநோய்க்கு அதில் ஒன்றும் வராது.

ஒன்றை மட்டும் என்னால் மறுக்க முடியாது. "போய் வரவே காசு இல்லையே" என்று கேட்கிறார்களே, அவர்கள் கேட்பது நியாயம். கதிரியக்கச் சிகிச்சை வாரத்தில் 5 நாள், பல வாரங்கள். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து புத்ராஜெயாவிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கு 25 நாள் போய்வர வேண்டுமென்றால், அந்த 500 வெள்ளியைப் பிரித்தால் ஒரு நாளைக்கு 20. பெட்ரோல், டோல், கூடப் போகிறவரின் ஒரு நாள் சம்பளம் எல்லாம் இந்த இருபதுக்குள் அடங்காது. நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் மாதிரிக் காசோலையும் படமும் கேட்பதற்குப் பதில், விடியற்காலை 5 மணிக்கு கோல சிலாங்கூரில் கிளம்பி புக்கிட் ரோத்தான், ஈஜோக் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு வேனைக் கேட்போம்.