தியன் பியன் பூவில் கேமரா பார்க்காதது

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காகக் கட்டப்பட்டது. அதற்குப் பிறகும் இந்த ஊர்த் தமிழர்கள் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார்கள். இந்தோசீனப் போருக்கும் போனார்கள். ஊர் வழக்கில் இவர்கள் ‘சொல்தா’க்கள். அந்தப் போரின் முடிவைத் தீர்மானித்த, வியத்நாமின் தியன் பியன் பூவில் நடந்த சண்டையைப் பார்த்தால், நவீனப் போரைச் சினிமா எப்படிக் காட்டுகிறது என்பது விளங்கும்.

1954 மார்ச்சில் தொடங்கிய தாக்குதல் மே 7-ல் முடிந்தது. பள்ளத்தாக்கில் பிரெஞ்சு முகாம். சுற்றியுள்ள மலைகளில் குடைந்த குழிகளுக்குள் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த வியத்நாமியரான வியட் மின் படையின் பீரங்கிகள். கீழே இருந்தவர்களுக்குக் குண்டு விழுந்தது தெரியும், சுட்டவர் தெரியாது. நவீனப் போரின் இயல்பே இதுதான். ஆனால் சுடுபவரும் சாகிறவரும் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தால், ஒரே சட்டகத்துக்குள் இருவரும் வரமாட்டார்கள். எனவே சினிமா படத்தொகுப்பை நம்புகிறது. முதல் காட்சியில் பீரங்கி அதிரும். பிறகு ஒரு சீழ்க்கை. அடுத்த காட்சியில் பதுங்குகுழி சிதறும். இடையிலுள்ள தூரத்தை நம் மனமே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

சரி, நிஜப் பதிவு? முகாமுக்குள் இருந்த ராணுவ ஒளிப்பதிவாளர் பியேர் ஷோண்டோர்ஃபர், பிடிபடும்முன் தன் கேமராவை உடைத்துவிட்டார். சோவியத் இயக்குநர் ரோமன் கார்மன் வந்தபோது சண்டையே முடிந்திருந்தது. அவர் மீள்நடிப்பு செய்தார்; அதாவது, நடந்ததை மறுபடி நடத்திப் படமாக்கினார். வியத்நாமிய வீரர்கள் பிரெஞ்சுத் தளபதியின் பதுங்கிடத்தின் மேல் மீண்டும் கொடி அசைத்தார்கள். கைதிகளும் வரிசையாக மீண்டும் நடந்தார்கள். இன்றும் பல ஆவணப்படங்களில் இவை அந்தக் கணத்தின் காட்சிகளாகவே ஓடுகின்றன.

1966-ல் வெளியான ‘அல்ஜியர்ஸ் போர்’ என்ற கதைப்படம் இதற்கு நேர் எதிர். பார்க்கச் செய்திப்படம் போலவே இருக்கும். ஆனால் இயக்குநர் ஜில்லோ பொன்டெகோர்வோ அதில் ஓரடி செய்திச்சுருளைக்கூடச் சேர்க்கவில்லை.

நம் தமிழ்ப் படம் ‘அமரன்’ (2024) இந்திய ராணுவ மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. 2014-ல் காஷ்மீரின் ஷோபியானில் அவர் ஈடுபட்டது வீட்டை வளைத்த சண்டை. தூரம் குறைவு, அதனால் முகங்களைக் காட்ட முடிகிறது. கதைப்படங்கள் இத்தகைய சண்டைகளை விரும்புவதில் வியப்பில்லை.

கார்மனின் காட்சிகளைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நடித்தவர்கள் அந்தப் போரின் ஆட்கள்தான். சண்டை முடிந்தபின் எடுத்தது என்று திரையின் ஓரத்தில் ஒரு வரி போட்டால் போதும்.