எரிமலை மீது போடப்படும் பழி

நிலவியல் கற்றோரிடையே ஒரு வாக்கியம் நெடுங்காலமாகச் சுற்றி வருகிறது. மனிதர் எவ்வளவு நிலக்கரியை எரித்தால்தான் என்ன, ஓர் எரிமலை வாய் திறந்தால் அந்தக் கணக்கெல்லாம் தூசு என்பது அது. கருத்தரங்கு முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும் வேளையில் மூத்தவர் ஒருவர் இதைச் சொல்வார். சுற்றி நிற்கும் மாணவர்கள் தலையசைப்பார்கள். ஆஸ்திரேலிய நிலவியலாளர் இயான் பிளைமர் 2009இல் இவ்வாதத்தை நூல் வழியே பரப்பியபின் அதற்கு ஒரு பேராசிரியத் தோரணையும் சேர்ந்துகொண்டது. பாறையைப் படிக்காதவர் சொன்னால் அறியாமை என்று விட்டுவிடலாம். படித்தவர் சொல்லும்போது அதற்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கிறது. அதிலும் திருவனந்தபுரத்தில் நின்று இதைச் சொல்வது பெரும் முரண். அந்நகரை அடுத்த மலைகளின் பாறையே இவ்வாதத்துக்கு எதிர்ச்சாட்சி.

பொன்முடிப் பகுதியின் கற்குவாரிகளில் வெளிர்நிற நைஸ் பாறையினூடே கரும்பச்சைத் திட்டுகள் காணப்படுகின்றன. அவை சார்னோக்கைட், பல்லாவரத்துக் குன்றுகளில் உள்ள அதே இனம். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் வெகு ஆழத்தில், கரியமில வாயு செறிந்த பாய்மம் பிளவுகள் வழியே ஊடுருவி, பாறையிலிருந்த நீரை வெளியேற்றியதால் இம்மாற்றம் நிகழ்ந்தது என்பது பலர் ஏற்ற விளக்கம். அக்காலத்து வாயு நுண்குமிழிகளாக இன்றும் அப்பாறைகளின் கனிமங்களில் சிறைப்பட்டிருக்கிறது. மெல்லிய பாறைச்சீவலை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் கண்ணாலேயே காணலாம். 1978இல் தொடங்கப்பட்டு இன்று ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையமாக விளங்கும் நிறுவனம், 1980களிலேயே இத்துறையில் உலகம் கவனித்த ஆய்வுகளை வெளியிட்டது.

அந்தக் கரியமில வாயு எங்கிருந்து வந்தது என்ற வழக்கு எளிதில் தீரவில்லை. ஆழத்துக் கவசப் பகுதியிலிருந்து எழுந்ததா, பழைய உயிர்ப்பொருளின் எச்சமா? திருவிதாங்கூர் காலத்தில் தோண்டப்பட்ட வெள்ளநாட்டுக் கிராஃபைட்டுக்கும் இதே கேள்வி. இரண்டு வழக்கிலும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது கார்பன்-13 ஐசோடோப்பு. உயிர்வழி வந்த கார்பனில் அது குறைவு, கவசத்திலிருந்து வந்ததில் அதிகம். இந்தப் பாடம் கேரள நிலவியல் மாணவர்களுக்குப் புதிதன்று.

அதே சாட்சியைக் காற்றின் வழக்குக்கு அழைத்தால் என்ன சொல்கிறது? தொழிற்புரட்சிக்கு முன் காற்றிலிருந்த கரியமில வாயுவின் கார்பன்-13 குறியீடு ஆயிரத்துக்கு மைனஸ் 6.5 அளவில் இருந்தது. இன்று மைனஸ் 8.5ஐ ஒட்டியிருக்கிறது. எரிமலை வாயுவின் குறியீடு மைனஸ் 5 அளவு. நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றுக்குச் சராசரியாக மைனஸ் 28. மைனஸ் 5 உள்ளதைக் கலந்து மைனஸ் 6.5ஐ மைனஸ் 8.5 ஆக்க எந்தக் கணக்காலும் இயலாது. பாறையில் இந்தச் சாட்சியை நம்பியவர்கள் காற்றில் மட்டும் அதைச் சந்தேகிப்பது அறிவியல் ஆகாது.

கார்பன்-14 குறைவதை மட்டும் காட்டி எதிர்வாதம் செய்வோரும் உண்டு. அது போதாது, எரிமலை வாயுவிலும் கார்பன்-14 இல்லை. காற்றில் ஆக்சிஜன் குறைந்து வருவதே வலுவான துணைச்சாட்சி. எரித்தால் ஆக்சிஜன் செலவாகும். மாக்மாவிலிருந்து கரியமில வாயு பிரிவதற்கு ஆக்சிஜன் தேவையில்லை.

அளவுக்கு வருவோம். உலகின் எரிமலைகளும் எரிமலைப் பகுதிகளும் ஆண்டுதோறும் வெளியிடுவது, 2019இல் ஆழ்கார்பன் ஆய்வுக் கூட்டமைப்பு தந்த மதிப்பீட்டின்படி, 28 முதல் 36 கோடி டன். அதற்கு முன் 2011இல் அமெரிக்க எரிமலையியலாளர் டெரன்ஸ் கெர்லாக் தொகுத்த வரம்பு 13 முதல் 44 கோடி டன். புதைபடிவ எரிபொருள்களால் மனிதர் வெளியிடுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன். எரிமலைகளின் முழு ஆண்டுக் கணக்கை மனிதகுலம் சனவரி 4ஆம் நாள் மாலைக்குள் முடித்துவிடுகிறது.

இங்கே வழக்கமாகத் தக்காணப் பாறை உதவிக்கு அழைக்கப்படும். அழைக்கட்டும். ஒரு கன கிலோமீட்டர் பசால்ட் குழம்பு ஏறத்தாழ 1.4 கோடி டன் கரியமில வாயுவை விடுவிக்கும் என்பது மதிப்பீடு. மனிதரோடு போட்டியிட ஆண்டுதோறும் 2,600 கன கிலோமீட்டர் குழம்பு வழிய வேண்டும். ஐஸ்லாந்தை அழித்த 1783ஆம் ஆண்டின் லாக்கி வெடிப்பில் எட்டு மாதங்களில் வழிந்ததோ 15 கன கிலோமீட்டர் அளவே.

1991 சூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தது. அந்நூற்றாண்டின் மாபெரும் வெடிப்புகளில் ஒன்று. வெளியிட்டது ஏறத்தாழ 5 கோடி டன், மனிதரின் இன்றைய அரைநாள் கணக்கு. அதை அடுத்து வந்த காலத்தில் காற்றில் கரியமில வாயு ஏறும் வேகம் கூடவில்லை, குறைந்தது. உலகமும் தற்காலிகமாகக் குளிர்ந்தது. எரிமலைவாதிகள் இந்த ஆண்டைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கோடிக்கணக்கான ஆண்டுகளின் அளவில் எரிமலைகள் காற்றின் கார்பனைத் தீர்மானிக்கின்றன என்பது மெய்யே. ஆனால் பாறைகள் வேதிமுறையில் சிதையும்போது அந்தக் கார்பன் திரும்பக் கவரப்படுகிறது. வர்க்கலைக் கடற்குன்றின் தலையிலுள்ள செம்புரைக்கல்லும் அத்தகைய நீண்ட சிதைவின் விளைபொருள்தான். இந்தக் கொடுக்கல் வாங்கல் சமநிலையில் இருந்ததால்தான் தொழிற்புரட்சிக்கு முந்தைய 10,000 ஆண்டுகளில் அளவு 280 பிபிஎம்மை ஒட்டியே நின்றது. அந்த 10,000 ஆண்டுகளிலும் எரிமலைகள் வெடித்துக்கொண்டுதான் இருந்தன. இன்று அளவு 420ஐத் தாண்டியிருக்கிறது.

இவ்வளவு எளிதில் உடையும் வாதம் ஏன் சாகவில்லை? யாரையும் பொறுப்பாக்காத வாதம் என்பதால். 2017 நவம்பர் இறுதியில் எழுந்த ஒக்கிப் புயலில் பூந்துறை, விழிஞ்ஞம், தூத்தூர், சின்னத்துறை மீனவர்கள் பலர் கரை திரும்பவில்லை. ஒரு தனிப் புயலை அப்படியே காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது சரியன்று. அரபிக்கடல் சூடேறி வருவது மட்டும் அளந்து அறியப்பட்ட உண்மை. அக்கடலில் தொழில் செய்வோரின் பிள்ளைகளும் பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பூமியைப் படித்தவர் வாயிலிருந்து 'இது இயற்கையின் வேலை' என்ற சொல் வரும்போது அவர்கள் அதை நம்புகிறார்கள்.

இந்தியாவின் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியால் மட்டும் ஆண்டுக்கு 100 கோடி டன்னுக்கு மேல் வெளியிடுகின்றன. உலக எரிமலைகள் அனைத்தும் சேர்ந்து வெளியிடுவதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த நிலையங்களுக்கு உரிமையாளர் உண்டு, உரிமம் உண்டு, எரித்த நிலக்கரிக்குக் கணக்கேடு உண்டு. அந்தமானில் தனித்துப் புகையும் பாரன் தீவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.